காம்பு வெடித்துவிட்டது, எதைத் தடவுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பிரசவம் முடிந்த மூன்றாவது, நான்காவது நாளில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். குழந்தை வாய் வைத்ததும் உயிர் போகிறது, காம்பின் நுனியில் கோடு போட்ட மாதிரி வெடிப்பு, ப்ராவைக் கழற்றினால் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மா தேங்காய் எண்ணெய் வை என்கிறார். வார்டு நர்ஸ் பாலையே தடவச் சொன்னார். அக்கா லானோலின் க்ரீம் வாங்கச் சொல்கிறாள், அந்தச் சின்ன ட்யூபின் விலையைக் கேட்டால் கை தயங்குகிறது. தோழி சிலிக்கான் ஷீல்டு போட்டுத்தான் ஒரு மாதம் ஓட்டினாளாம். மாமியார், 'ரெண்டு நாள் மாருக்கு ஓய்வு கொடும்மா, பீய்ச்சிக் கொடுத்துக்கலாம்' என்கிறார். எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஐந்தையும் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

(துணி ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரையோ இரண்டு சொட்டுப் பாலையோ விட்டு ஊறவைத்து, அப்புறம் மெதுவாக எடுங்கள். பாதி ஆறின புண் தினமும் இப்படித்தான் மறுபடி திறந்துகொள்கிறது.)

ஒவ்வொன்றையும் எடைபோடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் எதை வாங்கினாலும் காசுக்குக் கேடுதான்.

## முதலில் பிடிப்பு, அப்புறம் ட்யூப்

முதல் வாரத்துக் காம்பு வெடிப்பில் பெரும்பாலானவை குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தால் வருபவை. காம்பு குழந்தையின் வாய்க்குள் நன்றாக உள்ளே, மேல் அண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதி வரை போக வேண்டும். நுனியை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் முன்னண்ணத்தின் கெட்டியான பகுதிக்கும் நடுவில் காம்பு நசுங்குகிறது. பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். அத்தனை தடவையும் அதே இடம் நசுங்கினால் எந்தத் தோல் தாங்கும்?

சோதித்துப் பார்ப்பது சுலபம். குழந்தை வாயை எடுத்த அந்த நொடி காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு இருந்தால் பிடிப்பு சரி. புது லிப்ஸ்டிக்கின் நுனி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வாகச் சீவினது போல இருந்தாலோ, நுனியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தாலோ, நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம் வலியின் நேரம். முதல் சில நாட்களில் வாய் வைத்த அரை நிமிடம் சுரீரென்று இழுத்துவிட்டு வலி அடங்கிவிடுவது பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். குடித்து முடிக்கும்வரை வலி அதே அளவில் இருந்தால் அது பிடிப்பின் கோளாறு.

சரி, எப்படிப் பிடிக்க வைப்பது? குழந்தையின் தலை மட்டும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டில் காம்பால் லேசாகத் தடவினால் குழந்தை வாயைத் திறக்கும். கொஞ்சம் திறந்ததுமே அவசரப்பட்டுத் திணிக்காமல், கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறக்கும்வரை பொறுத்து, அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகும் போகும், பிடிப்பும் போகும். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வையுங்கள். அப்படியே இழுத்தால் வெடிப்பு இன்னும் கிழியும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன். தையல் வலியோடு நிமிர்ந்து உட்கார முடியாமல், மல்லாந்து படுத்தபடி, யாரோ பிடித்துக்கொண்ட குழந்தைக்குப் பால் கொடுக்கிற அந்த முதல் இரண்டு நாட்களில்தான் நுனிப்பிடி பழக்கமாகிவிடுகிறது. ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கின மாதிரி பக்கவாட்டில் தலையணை மேல் கிடத்தியோ கொடுத்தால் தையலிலும் படாது, பிடிப்பும் ஆழமாக அமையும்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால், நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தைகூட வழுக்கி நுனிக்கு வந்துவிடும். அப்போது கொடுப்பதற்கு முன் கையால் கொஞ்சம் பீய்ச்சி, கருவளையத்தை மெத்தென்று ஆக்கிவிட்டு வையுங்கள். இது ஐந்து நிமிட வேலை, எந்த க்ரீமும் இதற்கு ஈடில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்க்கிற விஷயங்கள் இவை. முதலாவது, காரணத்தைச் சரிசெய்கிறதா, இல்லை வலியை மட்டும் மூடுகிறதா. மூடுவது தப்பில்லை, ஆனால் மூடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, பால் வரத்தையோ குழந்தைக்குப் போய்ச் சேரும் பாலின் அளவையோ குறைக்குமா. மூன்றாவது, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செய்ய முடிகிற காரியமா. கழுவணும், துடைக்கணும், கொதிக்க வைக்கணும் என்றால் அந்த வேலை யார் தலையில் விழுகிறது? நான்காவது காசு, அதிலும் ட்யூபின் மேல் போட்டிருக்கிற விலையைத் தாண்டிய காசு. கடைசியாக, தப்பாகிவிட்டால் எவ்வளவு கெடும்.

## பாலையே தடவுவது

குடித்து முடித்ததும் இரண்டு மூன்று சொட்டு பீய்ச்சிக் காம்பில் தடவி, காற்றாட விடுவது. செலவு பூஜ்யம். குழந்தை வாயில் போனாலும் கவலையில்லை. எங்கேயும் போய் வாங்கத் தேவையில்லை.

இலவசம் என்பதாலேயே இதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 4 ஆய்வுகளையும் 656 தாய்மார்களையும் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் தடவாமல் விட்டதும், பாலை மட்டும் தடவினதும், குறுகிய காலக் கணக்கில் லானோலினுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருக்கலாம் என்பதுதான் அதன் முடிவு. இன்னொன்றையும் சொன்னது: என்ன வைத்தியம் செய்திருந்தாலும், பிரசவம் ஆகி 7 முதல் 10 நாட்களுக்குள் பெரும்பாலானவர்களுக்கு வலி லேசாகிவிட்டது. 'இந்த க்ரீம் போட்டேன், ஒரே வாரத்தில் சரியாச்சு' என்று சொல்பவர்களை நம்பலாம். ஆனால் அந்த ஒரு வாரம் க்ரீம் இல்லாமலும் நடந்திருக்கக்கூடியது.

குறை என்னவென்றால், உராய்விலிருந்து பாதுகாப்பு கிடைக்காது. பால் காய்ந்துவிட்டால் தோல் இழுக்கும், ப்ரா துணி ஒட்டும். ஆழமான வெடிப்புக்கு இது மட்டும் போதாது. பூஞ்சைத் தொற்று இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் பாலைத் தடவி ஈரமாக விடுவது வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை.

யாருக்கு: சிவந்து, எரிச்சலாக, மேல்தோல் மட்டும் உரிந்த நிலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் முதல் படி இதுதான். இரண்டு மூன்று நாள் பிடிப்பைத் திருத்திக்கொண்டே இதைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் மருந்துக்கடைக்குப் போங்கள்.

## சுத்திகரித்த லானோலின்

செம்மறி ஆட்டு ரோமத்தில் இருக்கிற மெழுகுப் பசையைப் பிரித்துச் சுத்தம் செய்து எடுப்பது. புண்ணுக்கு மேல் ஒரு படலமாக நின்று ஈரப்பதத்தைக் காப்பாற்றும். முன்பெல்லாம் காம்பை வெயிலில் காட்டு, ஹேர் டிரையர் வை என்பார்கள். காய்ந்தால் ஆறும் என்ற எண்ணம். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, வறண்ட புண் ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் மறுபடி வெடிக்கும். லேசான ஈரத்தோடு இருந்தால்தான் புதுத்தோல் ஊர்ந்து மூடும். லானோலின் செய்கிற வேலை இவ்வளவுதான். துணி ஒட்டாது, குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரியாது. அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை.

பச்சைப்பயறு அளவு எடுத்து, விரல்களுக்கு நடுவில் வைத்து இளக்கி, ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வலிக்கும். முழுக்க லானோலின் மட்டுமே உள்ள சுத்திகரித்த வகையைக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் துடைக்கத் தேவையில்லை. ராத்திரி நேரத்துக்கு இது பெரிய வசதி.

மறைமுகச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், அட்டையில். 'நிப்பிள் க்ரீம்', 'நிப்பிள் பட்டர்' என்று விற்பதெல்லாம் இது அல்ல. வாசனைப் பொருள், பதப்படுத்தும் ரசாயனம், சிலவற்றில் மரத்துப்போக வைக்கும் மருந்துகூடக் கலந்திருக்கலாம். மரத்துப்போனால் நுனிப்பிடி பிடிக்கிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும், குழந்தையின் வாயும் மரத்துப்போகலாம். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு நிப்பிள் க்ரீமைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது, அதிலிருந்த இரண்டு பதப்படுத்தும் பொருட்கள் குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம் என்பதுதான் காரணம். அதனால் பின்பக்கத்தைத் திருப்பி, உள்ளடக்கம் என்ற இடத்தில் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். நீளமான பட்டியல் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பளி பட்டால் அரிக்கிற தோல்காரர்களுக்கு லானோலின் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தடவின பிறகு எரிச்சலும் அரிப்பும் கூடினால் அன்றே நிறுத்திவிடுங்கள். உள்ளாடையில் கறை விழும், அது போகாது.

யாருக்கு: வெடிப்பு விழுந்துவிட்டவர்களுக்கு, துணி ஒட்டி அவதிப்படுபவர்களுக்கு, பிடிப்பைத் திருத்தத் தொடங்கிவிட்டவர்களுக்கு. சின்ன ட்யூபாக வாங்கினால் போதும். ஒரு சின்ன ட்யூப் தீர்ந்த பிறகும் வெடிப்பு இருந்தால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது ட்யூப் அல்ல, பால் கொடுப்பதை நேரில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு ஆள்.

## தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய் வகையறா

நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. தேங்காய் எண்ணெயும் லானோலின் போலவே ஒரு படலம் போடும், மலிவு, வீட்டிலேயே இருக்கும், குழந்தை வாயில் கொஞ்சம் போனாலும் ஒன்றுமில்லை. லானோலினை விட மெல்லியது, சீக்கிரம் உறிஞ்சிவிடும், அதனால் அடிக்கடி தொட்டு வைக்க வேண்டும். பாட்டி சொன்னார் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், பாட்டி சொன்னார் என்பதற்காகவே அது மருந்து என்று நம்பவும் வேண்டாம்.

இதில் கெடுவது எண்ணெயால் அல்ல, பாட்டிலால். தலைக்குத் தேய்க்கிற அதே பாட்டில், எல்லோர் விரலும் போகிற அதே டப்பா. திறந்த புண்ணில் அதைத் தொட்டு வைத்தால் என்னென்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீல பாட்டிலிலும் பச்சை பாட்டிலிலும் வருகிற கூந்தல் எண்ணெயில் மல்லிகை வாசனை, மூலிகைச்சாறு என்று ஏதேதோ சேர்ந்திருக்கும், அது தேங்காய் எண்ணெய் கணக்கில் வராது. சமையலுக்கு விற்கிற சுத்தமான எண்ணெயோ செக்கு எண்ணெயோ வாங்கி, கொதிக்கவைத்துக் காயவைத்த ஒரு குட்டி பாட்டிலில் தனியாக ஊற்றி, கை கழுவிவிட்டுத் தொடுங்கள். நெய்யும் வெண்ணெயும் அப்படித்தான், சுத்தமாக இருந்தால் பாதகமில்லை.

இந்த வகையில் உறுதியாக வேண்டாம் என்று சொல்வது மூன்று. தேன் கூடவே கூடாது, ஒரு வயதுக்குள் தேன் உள்ளே போனால் குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற கடுமையான நரம்பு நஞ்சுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. மஞ்சள்தூள், விபூதி மாதிரி பொடிகள் வெடிப்புக்குள் போய் உறுத்தும், கடைப் பொடியில் கலப்படம் வேறு. கற்றாழை, வேப்பிலை போன்றவை கசக்கும், அவை பால் மறக்கடிக்கத் தடவுகிறவை. குழந்தை மார்பை வெறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் புதுப் பிரச்சினை.

கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கருவளையத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிற சுரப்பிகள் இயற்கையாகவே எண்ணெய் சுரந்து காம்பைக் காக்கின்றன. சோப்பு அதை வழித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை குளிக்கும்போது வெறும் தண்ணீர் போதும்.

யாருக்கு: லேசான வறட்சிக்கு, கம்பளி ஒவ்வாதவர்களுக்கு, ட்யூபுக்குக் காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு. ஆழமான, ரத்தம் கசிகிற வெடிப்புக்கு நான் இதை நம்பி உட்கார மாட்டேன்.

## சிலிக்கான் ஷீல்டு

தொப்பி மாதிரி காம்பின் மேல் மாட்டுகிற மெல்லிய சிலிக்கான். குழந்தை அதன் வழியாகக் குடிக்கும். ஐந்தில் மிக வேகமாக நிம்மதி தருவது இதுதான், மிக அதிகமாகத் தப்பாகப் பயன்படுவதும் இதுதான்.

வலி குறைவது உண்மை. ஆனால் பிடிப்பு சரியில்லாத குழந்தை ஷீல்டின் நுனியையும் அப்படியேதான் கவ்வும். நீங்கள் வலியில்லாமல் இருப்பீர்கள், குழந்தை அரைவயிறாக இருக்கும். மார்பு சரியாகக் காலியாகாவிட்டால் பால் சுரப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது உடனே தெரியாது, பத்து நாள் கழித்து எடை பார்க்கும்போதுதான் தெரியும். முதல் இரண்டு நாள் வருகிற சீம்பால் அளவிலும் கொஞ்சம், பிசுபிசுவென்றும் இருக்கும். அது ஷீல்டிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும், அதனால் பால் நன்றாக ஊறி வருவதற்கு முன் இதைத் தொடவே வேண்டாம்.

அளவு முக்கியம். 16, 20, 24 மி.மீ. என்று வருகின்றன. கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். சின்னதாக இருந்தால் காம்பு பக்கத்தில் உராய்ந்து புதுப்புண் வரும், பெரிதாக இருந்தால் குழந்தை ஓங்கரிக்கும். மாட்டும்போது விளிம்பை லேசாக ஈரமாக்கி, பாதியை வெளிப்பக்கமாகத் திருப்பிக் காம்பின் மேல் வைத்து விரித்தால், காம்பு கொஞ்சம் உள்ளே இழுபட்டு நன்றாக உட்காரும். குழந்தை தொப்பியின் குமிழை மட்டும் சப்பக் கூடாது, வாய் அகலத் திறந்து தட்டையான விளிம்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் வேலை. ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவணும், தினம் ஒரு தடவை கொதிக்க வைக்கணும். ராத்திரி கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன கண்ணாடி நிறத் தொப்பியைச் செல்போன் வெளிச்சத்தில் தேடுவது, குழந்தை வீறிட, வீடே எழுந்துகொள்வது, இதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்காது. பழகிய குழந்தை ஷீல்டு இல்லாமல் மார்பில் வாய் வைக்க மறுப்பதும் உண்டு. விடுவிக்கும்போது ஷீல்டோடு தொடங்கி, பால் இறங்கி வேகம் அடங்கினதும் நடுவில் சட்டென்று கழற்றிவிட்டு வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் குழந்தை பசி வெறியில் இல்லாத, அரைத்தூக்க வேளையில்.

யாருக்கு: காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்து, மற்ற எல்லாம் செய்தும் குழந்தை பிடிக்காதபோது. குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு. வலி தாங்காமல் 'இன்றோடு நிறுத்திவிடப் போகிறேன்' என்ற நிலைக்கு வந்துவிட்ட தாய்க்கும்தான், நிறுத்துவதைவிட ஷீல்டு எவ்வளவோ மேல். எப்படியானாலும் ஒரு தாய்ப்பால் ஆலோசகரோ குழந்தை டாக்டரோ பார்த்துக்கொண்டிருக்க, வாராவாரம் எடை போட்டுக்கொண்டு. உள்வாங்கிய காம்புக்கு முதலில் சிரிஞ்சு முறையைக் கேளுங்கள்: ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை வெட்டின பக்கமாகச் செருகி, வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுப்பது. பல அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸ்களே செய்து காட்டுவார்கள். காம்பில் வெடிப்பு இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

## காம்புக்கு ஓய்வு கொடுத்துப் பீய்ச்சிக் கொடுப்பது

வாய் வைப்பதை ஓரிரு நாள் நிறுத்திவிட்டு, கையாலோ பம்ப்பாலோ எடுத்துக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் ஐந்து வழிகளிலும் அதிக உழைப்பு கேட்பது இது. குழந்தை எத்தனை தடவை குடிக்குமோ ஏறக்குறைய அத்தனை தடவை, நாளைக்கு எட்டு முறையாவது, ராத்திரியும் சேர்த்து எடுக்க வேண்டும். பீய்ச்ச ஒரு அரை மணி, கொடுக்க ஒரு அரை மணி, கழுவிக் கொதிக்க வைக்க இன்னொரு பொழுது, முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஓய்வு என்ற பெயரில் எடுக்காமலே விட்டுவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு, காய்ச்சல் வரை போகும், பாலும் குறையும். 'ரெண்டு நாளைக்குப் பவுடர் பால் கொடுத்துக்கலாம்' என்ற வகை ஓய்வு இன்னும் மோசம், மார்பும் காலியாகாது, குழந்தையும் புட்டிக்குப் பழகும். பவுடர் பாலுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் வாயை எந்தச் சட்டம் தடுக்கும்!

பம்ப்பும் ஒரு காரணமாகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மார்பில் வைக்கிற புனல் காம்புக்குப் பொருந்தாமல் இறுக்கமாக இருந்தாலோ, சீக்கிரம் எடுக்கலாம் என்று இழுவேகத்தைக் கூட்டி வைத்தாலோ, ஆறவேண்டிய புண் அங்கேயே வெடிக்கும். முதல் நாட்களுக்குக் கையே நல்லது: கருவளையத்துக்குக் கொஞ்சம் பின்னால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, பின்பக்கமாக நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுவது. விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு காம்புக்கு வரக் கூடாது.

கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம், நம்மிடம் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், இருக்கிறது. பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் அதில்தான் புகட்டுகிறார்கள். எவர்சில்வர் பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் ஓரமாக வைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஊற்றாமல், குழந்தை நாக்கால் வாங்குகிற வேகத்துக்குச் சாய்த்தால் போதும். கொதிக்க வைப்பது சுலபம், உள்ளே அழுக்குத் தங்கும் இடுக்கு இல்லை. பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம் இருக்கலாம் என்பது 25 டிகிரிவரை உள்ள அறைக்கான கணக்கு. நம்மூர் மே மாத அறைக்கு அது செல்லாது, ஃபிரிட்ஜில் வையுங்கள், அங்கே 4 நாள் தாங்கும்.

யாருக்கு: வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்து, குழந்தை அழுதாலே நடுக்கம் வருகிற அளவுக்கு வலி இருப்பவர்களுக்கு, ஒன்றிரண்டு நாளுக்கு, முடிந்தால் புண் உள்ள பக்கத்துக்கு மட்டும். மற்ற பக்கம் குழந்தை குடிக்கட்டும், இதில் பாதி உழைப்பு மிச்சம். ரத்தம் கலந்து பால் ரோஜா நிறமாக வந்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தாய்க்கு ஹெபடைடிஸ் சி இருந்தால் மட்டும் கதை வேறு: காம்பில் ரத்தம் கசிகிறவரை அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்காமல் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். எச்.ஐ.வி. இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைச் சரிசெய்யுமா | பாலைக் குறைக்குமா | ராத்திரி வேலை | காசு | தப்பானால் |
|---|---|---|---|---|---|
| தாய்ப்பால் தடவல் | இல்லை | இல்லை | ஒன்றுமில்லை | இல்லை | பெரிதாக ஒன்றுமில்லை |
| லானோலின் | இல்லை | இல்லை | மிகக் குறைவு | சில நூறு ரூபாய் | ஒவ்வாமை, கலப்பு க்ரீம் |
| தேங்காய் எண்ணெய் | இல்லை | இல்லை | குறைவு | மிகக் குறைவு | அழுக்குப் பாட்டிலால் தொற்று |
| ஷீல்டு | இல்லை, மறைக்கும் | குறைக்கலாம் | அதிகம் | நடுத்தரம் | குழந்தையின் எடை ஏறாமல் போகலாம், விடுவிப்பது கடினம் |
| பீய்ச்சிக் கொடுத்தல் | இல்லை | விட்டுவிட்டால் குறையும் | மிக அதிகம் | கை என்றால் இல்லை, மின் பம்ப் ஆயிரக்கணக்கில் | பால் கட்டல், காய்ச்சல் |

இரண்டாவது நெடுவரிசையில் 'ஆமாம்' என்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைச் செய்வது பிடிப்பைத் திருத்துவது மட்டும்தான். அதற்குத் தனியார் ஆலோசகர் கட்டணம் வாங்குவார், ஆனால் கிராம சுகாதாரச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் பிரசவ வார்டு நர்ஸும் காசு கேட்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் ஒரு வேளை பால் கொடுப்பதை யாராவது முழுதாக நின்று பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள்.

காம்பின் மேல் மூடி வைக்கிற வெள்ளிக் கிண்ணம், ஜெல் பேட் என்று இப்போது இணையக் கடைகளில் விற்கிறார்கள். வெள்ளிக் கிண்ணத்தால் துணி உராயாது என்பது நிஜம், அதற்குமேல் சொல்லப்படுவதற்கெல்லாம் ஆதாரம் கொஞ்சம்தான். அந்த விலைக்கு ஆலோசகரிடம் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்.

## இந்த ஐந்துமே பொருந்தாத வலி

முதலில் வலியே இல்லாமல் நன்றாகப் போய்க்கொண்டிருந்து, சில வாரம் கழித்துத் திடீரென்று இரண்டு காம்பும் எரிந்து, கொடுத்து முடித்த பிறகும் ஊசி குத்துகிற மாதிரி வலித்தால், குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சை. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும், ஒருவருக்கு மட்டும் போட்டால் மாறி மாறி ஒட்டிக்கொள்ளும்.

குழந்தை வாயெடுத்ததும் காம்பு வெளுத்து, பின் நீலமாகி, அப்புறம் சிவந்து, துடிக்கிற வலி வந்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவது. ஏசி அறையில் கூடும். உடனே உள்ளங்கையாலோ வெதுவெதுப்பான துணியாலோ மூடுங்கள். இதற்கும் நசுங்கல் ஒரு காரணம் என்பதால் பிடிப்பையும் பாருங்கள்.

பிடிப்பை எவ்வளவு திருத்தியும் நழுவுகிறது, குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, அழும்போது நாக்கு நீளாமல் நுனி இதயம் மாதிரி மடங்குகிறது என்றால் நாக்குக்கு அடியில் ஒட்டு இருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு ஒரு சின்ன வெட்டு போதும், எல்லோருக்கும் அது தேவைப்படாது.

வெடிப்பில் மஞ்சள் பொருக்கு, சீழ் இருந்தால் பாக்டீரியா தொற்று, அதற்குக் களிம்போ மாத்திரையோ டாக்டர்தான் எழுத வேண்டும். வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடியவையே, அல்சர், சிறுநீரகம், வேறு மருந்து ஏதாவது இருந்தால் மட்டும் கேட்டுவிட்டு.

குழந்தை ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ, காம்பை விட்டுவிட்டு முதலில் குழந்தையைக் காட்டுங்கள். மார்பில் ஒரு பக்கம் சிவந்து சூடாகி, உடம்பு நடுங்கிக் காய்ச்சல் அடித்தால் அன்றே போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகிற வரையிலும் அந்தப் பக்கத்துப் பாலை நிறுத்தாமல் குழந்தைக்குக் கொடுங்கள், முடியாவிட்டால் கையால் எடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.